குழி தோண்டிப் பார்க்காத புண்ணியவான்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். சிவில் இன்ஜினியரிங் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. "மண்ணைப் பத்தி உனக்கென்னடா தெரியும்" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். ஒரு காரியத்தில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். கிராமங்களுக்குப் போய் இலவசமாகக் கட்டிக்கொடுக்கும் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க ஆளே இல்லை.

எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒரு வருஷம் விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் நடந்தது. மாசி மாதம், ஏழு நாள். நன்கொடை வாங்கி 12 வீடுகளுக்குக் கழிவறை கட்டினோம். இரட்டைக் குழி முறை. இதில் செப்டிக் டேங்க் கிடையாது. இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய இரண்டு குழிகள். ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடி வைத்த குழியில் இருப்பது மக்கி உரமாகிவிடும். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மொத்தமும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: குழிக்குள் விழும் தண்ணீரைச் சுற்றியுள்ள மண் உறிஞ்சிக்கொள்ளும்.

கரிசல் மண் உறிஞ்சாது. அதாவது மழைக்காலத்தில் உறிஞ்சாது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையில் தண்ணீரைக் குடித்து வீங்கி, வெடிப்பெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சொட்டுத் தண்ணீர்கூட லேசில் நகராது. நாங்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் இதைத்தான் சொன்னார்: "ஏ தம்பி, இதுக்குள்ள தண்ணி எறங்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? மழை பெஞ்சா மூணு நாளைக்குக் காட்டுக்குள்ள காலு வைக்க முடியாது." நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. "தாத்தா, இது கவர்மென்ட்டே சொன்ன முறை" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

ஐப்பசி மழையில் குழிகள் ரொம்பி மேலே வந்துவிட்டன. மார்கழியில் நாங்கள் நாலைந்து பேர் மறுபடி போனபோது, ஓரடி ஆழ அஸ்திவாரத்தில் நிறுத்திய சுவர்கள் மூலைவாட்டில் வெடித்திருந்தன. ஒரு வீட்டில் பாட்டி உள்ளே பருத்திமார் அடுக்கி வைத்திருந்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கீக, வெறகு நனையாம இருக்கு" என்றார். அவர் நக்கலடிக்கவில்லை, மனசார நன்றி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பெண்கள் பழையபடி இருட்டியபின் ஓடைப்பக்கம்தான் போகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. நன்கொடையாளருக்குத் திறப்புவிழா போட்டோ கிடைத்தது. தூய்மை பாரதத் திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது கழிவறை இல்லாத வீடுகளுக்கு. இவர்கள் வீட்டில்தான் 'இருக்கிறதே'! நாங்கள் போகாமலே இருந்திருந்தால் அந்தப் பணத்துக்காவது வழி இருந்திருக்கும். தானம் கொடுக்கிறேன் என்று போய் அவர்கள் பையிலிருந்து எடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இதைத் தவிர்க்க என்ன செலவாகியிருக்கும்? தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு சிறிய குழி போதும். தண்ணீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊறவிட வேண்டும் (காய்ந்த மண்ணில் ஊற்றிப் பார்த்து ஏமாறக் கூடாது, கரிசலில் வெடிப்பு வழியாக ஓடிவிடும்). பிறகு மறுபடி ஊற்றி 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாளி, ஒரு அடிஸ்கேல், ஒரு கைக்கடிகாரம்.

மண் வீங்குமா என்று தெரிய வேண்டுமா? அதற்கும் ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பாகத்தில் சோதனை இருக்கிறது. காயவைத்துச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது, தண்ணீரில் வீங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். எங்கள் கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்திருக்கலாம்.

மோசமான மண் என்று தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டியதும் இல்லை. கரிசலில் குழியைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மணலோ சல்லியோ நிரப்பலாம், குழியைப் பெரிதாக்கலாம். சுவருக்கு அஸ்திவாரத்தை, மண் வீங்கிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோகலாம். பணம் கூட ஆகும். 12 வீட்டுக்குப் பதில் 7 வீட்டுக்குத்தான் கட்ட முடியும். கட்டட்டுமே!

இதையெல்லாம் சொன்னபோது ஒரு சீனியர் அண்ணன், "அந்த ஊர்ல எல்லாருக்கும் மண்வள அட்டை இருக்கே, மண் டெஸ்ட்டெல்லாம் எப்பவோ முடிஞ்சது" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. 2015-இல் வந்த அந்த அட்டை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் என்று பயிருக்கு வேண்டியதைச் சொல்லும். சுவர் நிற்குமா, குழி வடியுமா என்று அதில் இருக்காது. 'மண் பரிசோதனை' என்றாலே உரக்கடை ஞாபகம்தான் வருகிறது நமக்கு.

"நல்ல மனசோட செஞ்சதைப் போய் இப்படிப் பேசலாமா" என்பது அடுத்த கேள்வி. நல்ல மனசுக்கு வங்கதேசத்தைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 1970-களில் குளத்துத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, யுனிசெஃப் துணையோடு ஊர் ஊராக அடிகுழாய் இறக்கினார்கள். பல இடங்களில் பூமிக்கடியில் வண்டல் படிவத்தில் ஆர்செனிக் இருந்தது. அதை யாரும் சோதிக்கவில்லை. அங்கே கிணற்று நீரில் ஆர்செனிக் இருப்பது 1993-இல்தான் தெரியவந்தது. கோடிக்கணக்கான பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தபோதும் ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டார். அந்த ஆய்வுக்கு அவர்மீது கவனக் கடமை இல்லை என்று 2006-இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் உதவி என்று வந்தது கெடுதலாக முடிந்தால் வாங்கினவன் யார் வாசலில் போய் நிற்பது? கடையில் வாங்கின மிக்ஸி கெட்டால் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. எங்களிடம் இலவசமாக வாங்கிய கழிவறைக்கு அந்தப் பாட்டி எங்கே போவார்?

எல்லோரும் இப்படி இல்லை. கனடாவில் உள்ள 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2008-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தன் தோல்விகளை மட்டுமே தொகுத்து அறிக்கையாக வெளியிட்டது. லாப நஷ்டக் கணக்கில் நஷ்டப் பக்கத்தையும் ஊரறிய எழுதுகிற துணிச்சல் அது. எங்கள் முகாம் அறிக்கையில் இன்றைக்கும் "12 கழிவறைகள் வெற்றிகரமாகக் கட்டி முடிக்கப்பட்டன" என்றே இருக்கிறது.

இந்த வருஷம் முகாம் பட்ஜெட் எழுதும் வேலை என்னிடம் வந்தது (பி.காம். பையன் என்பதால் :-)). பேனர், மாலை, பொன்னாடை, திறப்புவிழா டீ, வடை எல்லாவற்றுக்கும் பழைய படிவத்தில் தனித்தனி வரி இருந்தது. நான் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "குழி வெட்டி மண் சோதனை, ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு இரண்டு நாள் கூலியுடன், ரூ.2,500". "இது எதுக்குப்பா" என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதே வரியை மறுபடி எழுதி, மார்கழியில் எடுத்த பருத்திமார் போட்டோவை இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.