படிக்கச் சொன்னார்கள், எழுதத் தொடங்கினார்கள்

1844ஆம் ஆண்டு பின்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஏரிகள் சூழ்ந்த குவோபியோ என்ற சிறு நகரத்திலிருந்து இரண்டு பத்திரிகைகள் புறப்பட்டன. இரண்டையும் தொடங்கியவர் ஒருவரே. அவ்வூர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர், தத்துவம் படித்தவர், பெயர் யோஹான் வில்ஹெல்ம் ஸ்னெல்மன். 'சைமா' என்ற முதல் பத்திரிகை சுவீடிஷ் மொழியில் வந்தது. 'உழவனின் நண்பன்' என்று பொருள்படும் பெயர் கொண்ட மற்றது பின்னிஷ் மொழியில் வந்தது. நாட்டின் கல்வியும் நிர்வாகமும் எந்த மொழியில் நடக்க வேண்டும், படித்தவர்கள் ஏன் இவ்வளவு மெத்தனமாக இருக்கிறார்கள் என்று சைமா சண்டைக்கு நின்றது. உழவனின் நண்பனோ நாட்டு நடப்பையும் பயனுள்ள அறிவையும் எளிமையாகச் சொல்லிப் போனது. 1846 முடிவில் அரசு சைமாவை நிறுத்தியது. உழவனின் நண்பனுக்கு ஆபத்து வரவில்லை.

பின்னிஷ் மொழிக்கு உரிமை வேண்டும் என்ற வாதம் சுவீடிஷ் மொழியில் நடந்தது. பின்னிஷ் பேசிய உழவர்களுக்கு அவர்கள் மொழியில் கிடைத்தது அறிவுரை. 19ஆம் நூற்றாண்டு பின்லாந்தின் அச்சுலகத்தைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டைக் கவனித்தாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. சுவீடிஷ் பேசிய மேட்டுக்குடி தன் சலுகையைத் தானே விட்டுக்கொடுத்து, குடியானவர்களின் மொழியை அரியணை ஏற்றியது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை மறைத்துவிட்டால் அந்த நாட்டின் அரசியல் எப்படிப் பிறந்தது என்பதே விளங்காமல் போகும். மக்கள் வாசகர்களாக வேண்டும் என்று அந்த வர்க்கம் மனதார ஆசைப்பட்டது. வாசகர்கள் பதில் பேசத் தொடங்கியபோதுதான் அது திணறியது.

பின்லாந்து பல நூற்றாண்டுகள் சுவீடனின் பகுதியாக இருந்தது. 1809இல் அது ரஷ்யாவின் கைக்குப் போனது. ஜார் முதலாம் அலெக்சாண்டர் போர்வோ நகரில் பிரபுக்கள், போதகர்கள், நகரத்தார், உழவர்கள் என்ற நான்கு வகுப்பாரின் அவையைக் கூட்டி, பழைய சட்டங்களும் லுத்தரன் சமயமும் அப்படியே தொடரும் என்று வாக்குக் கொடுத்தார். பின்லாந்து தன்னாட்சி பெற்ற சமஸ்தானம் ஆனது. நீதிமன்றம், பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் சுவீடிஷ் நீடித்தது. அதைப் பேசியவர்கள் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்கு அளவினர். அவர்களிலும் பலர் கடலோர மீனவர்கள், உழவர்கள். அதிகாரம் வைத்திருந்தவர்கள் பிரபுக்கள், அதிகாரிகள், போதகர்கள், பேராசிரியர்கள் அடங்கிய ஒரு சிறு வட்டம்.

இந்த வட்டத்துக்குப் புதிய எஜமானரிடம் விசுவாசம் இருந்தது, பயமும் இருந்தது. சுவீடனின் நினைவு மங்கட்டும் என்று நினைத்த ரஷ்யா தலைநகரைத் துர்க்குவிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாற்றியது. 1827இல் துர்க்கு தீக்கிரையானதும் பல்கலைக்கழகமும் ஹெல்சிங்கிக்கு இடம்பெயர்ந்தது. பின்னிஷ் மொழி வளர்வதில் ஜாரின் அதிகாரிகளுக்கு ஆட்சேபம் இல்லை. அது சுவீடனுடன் இருந்த கயிற்றை அறுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த வளர்ச்சி அரசியலாக மாறும் இடத்தில் கதவு சாத்தப்பட்டது. அடோல்ஃப் இவார் அர்விட்சன் 1821இல் துர்க்குவில் நடத்திய சுவீடிஷ் பத்திரிகை அதே ஆண்டில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் பல்கலைக்கழக வேலையை இழந்தார். பிறகு சுவீடனுக்குப் போய்விட்டார்.

சாமானிய மக்கள் எழுத்தறிவே இல்லாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சுவீடன் ஆட்சிக்காலத்து 1686ஆம் ஆண்டுத் தேவாலயச் சட்டம் வேதபோதனையைப் படித்துப் புரிந்திருக்க வேண்டும் என்றது. போதகர் ஊர் ஊராகப் போய் வீடுகளில் ஆட்களைக் கூட்டி, படிக்கச் சொல்லிச் சோதிப்பார். படிக்கத் தெரியாதவருக்கு நற்கருணை இல்லை, திருமணமும் சிக்கல். இதனால் ஐரோப்பாவின் பல நாடுகளை விடப் பின்லாந்தின் கிராமங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். ஆனால் எழுதுவதற்குச் சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. படிப்பது கீழ்ப்படிதலின் அடையாளம். எழுதுவது குடியானவனுக்குத் தேவையில்லாத வித்தை. நூற்றாண்டின் பெரும்பகுதி வரை படிக்கத் தெரிந்த, எழுதத் தெரியாத பெரும் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அறிவுரை சொல்ல விரும்பிய மேட்டுக்குடிக்கு இதைவிட வசதியான வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

1831இல் ஹெல்சிங்கியில் பின்னிஷ் இலக்கியச் சங்கம் உருவானது. மாவட்ட மருத்துவராக இருந்த எலியாஸ் லொன்ரொத் கிராமத்துப் பாடகர்களிடம் கேட்டுச் சேகரித்த பாடல்களைத் தொகுத்து 1835இல் 'கலேவலா'வைக் கொடுத்தார். இலங்கைத் தமிழ் எழுத்தாளர் உதயணனின் மொழிபெயர்ப்பால் அந்தக் காவியம் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகம். முதல் பதிப்பில் 500 பிரதிகள் அச்சாயின. அவை விற்றுத் தீரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தேசத்தின் பெருமை என்று கொண்டாடிய வரவேற்பறைகளில் பலருக்கு அதைப் பின்னிஷ் மொழியில் படிக்க வராது. பாடியவர்களிடம் புத்தகம் வாங்கப் பணம் இல்லை. மக்களின் குரல் அச்சேறிவிட்டது. அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் தெளிவாகவில்லை.

அரசுக்கு அந்தத் தெளிவு இருந்தது. 1848இல் ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்ததும் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் நடுங்கியது. 1850இல் ஓர் ஆணை வந்தது. பின்னிஷ் மொழியில் மதநூல்களையும் பொருளாதார நன்மை தரும் நூல்களையும் மட்டும்தான் அச்சிடலாம். நாவல், அரசியல், வெளிநாட்டுச் செய்தி எதுவும் கூடாது. சுவீடிஷ் மொழிக்கு இந்தத் தடை இல்லை. அதாவது, சுவீடிஷ் தெரிந்த பிரபு படிக்கக்கூடிய நாவலைக் குத்தகை உழவன் தன் மொழியில் படிக்கக் கூடாது. ஜாரின் அதிகாரிகள் கொடூரமாகச் சட்டமாக்கியது ஒரு பழைய பழக்கத்தைத்தான். கனவான்களுக்கு அரசியல், உழவனுக்குப் பக்தியும் உழவு யோசனையும் என்ற பங்கீடு ஆணைக்கு முன்பே நடைமுறையில் இருந்தது.

ஆணை நீண்ட காலம் நிற்கவில்லை. கிரிமியப் போர் வந்தது. ஆங்கிலேய, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பால்டிக் கடலில் நுழைந்து 1854இல் பொமர்சுண்ட் கோட்டையைத் தகர்த்தன. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கிக்கு எதிரே இருந்த கோட்டையின் மேல் குண்டு பொழிந்தன. பீரங்கிச் சத்தம் கேட்கும் கடற்கரையில் போர்ச்செய்தியை மறைத்து வைக்க முடியுமா? 1847இல் தொடங்கிய 'சுவோமெத்தர்' போன்ற பின்னிஷ் பத்திரிகைகளுக்குச் சந்தாதாரர்கள் கூடினார்கள். 1860 வாக்கில் ஆணை செல்லாக்காசானது.

அந்த ஆண்டுகளில் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் நடந்ததுதான் பெரிய செய்தி. ஊர்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. விளைச்சல் எப்படி, உறைபனி எத்தனை வயலைக் கருக்கியது, போதகரின் போக்கு எப்படி, சாராயம் யார் வீட்டில் காய்ச்சுகிறார்கள், பள்ளிக்கூடம் ஏன் வரவில்லை என்று ஊர்க்கதைகள் அச்சேறின. எழுதியவர்கள் எழுதப் பழகிய உழவர்கள், தேவாலய உபதேசியார்கள், தையற்காரர்கள், ஆசிரியர்கள். ஓர் ஊர்க் கடிதத்துக்குப் பக்கத்து ஊர் பதில் எழுதியது. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் பெயர் அடிபடுவதைக் கண்டு கோபப்பட்டார்கள். மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று திட்டமிடப்பட்ட அறிவொளி பக்கவாட்டில் பரவியது. தேசியத் தலைவர்களின் சிலைகளுக்கு அருகில் இந்தக் கடிதக்காரர்களுக்கு இடமில்லை. நாட்டைப் பொதுவாழ்க்கைக்குப் பழக்கியதில் இவர்கள் பங்கு தலைவர்களின் பங்குக்குக் குறைந்ததல்ல.

1863இல் மேட்டுக்குடி தனக்குள்ளேயே பிளந்தது. போலந்தில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியப் போர் மூளலாம் என்ற பேச்சு எழுந்தது. முந்தைய ஆண்டு தொடங்கிய தாராளவாதிகளின் நாளிதழ் 'ஹெல்சிங்ஃபோர்ஸ் டாக்பிளாட்' பின்லாந்து நடுநிலை வகிக்க வேண்டும் என்றது. அப்போது செனட்டராகியிருந்த ஸ்னெல்மன் அது பொறுப்பற்ற பேச்சு என்று சாடினார். ஜாரிடம் விசுவாசமாக இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்பது அவர் நிலை. அவருக்குக் கிடைக்கவும் செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கையெழுத்திட்ட மொழி ஆணை, இருபது ஆண்டுகளுக்குள் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் பின்னிஷ் மொழிக்குச் சம இடம் வேண்டும் என்றது. செப்டம்பரில் 54 ஆண்டுகளுக்குப் பின் நான்கு வகுப்பாரின் அவை கூடியது. அதில் நிலமுள்ள உழவர்களுக்கு இடம் உண்டு. குத்தகைதாரர்களுக்கும் கூலிகளுக்கும் கிடையாது. 1865இல் கிடைத்த பத்திரிகைச் சுதந்திரம் இரண்டே ஆண்டில் பறிபோய், 1867இல் முன்தணிக்கை திரும்பியது.

அதே ஆண்டுகளில் பஞ்சம் வந்தது. 1866 முதல் 1868 வரையான பட்டினியிலும் தொற்றுநோயிலும் மக்கள்தொகையில் எட்டு சதவீதம் அளவுக்கு அழிந்தார்கள். நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஸ்னெல்மன். புதிய நாணயமான மார்க்காவின் மதிப்பைக் காப்பதில் அவர் உறுதியாக இருந்தார். வெளிநாட்டுக் கடன் தாமதமாகத்தான் வந்தது. இலவச உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பது அக்காலப் படித்தவர்களின் பொது நம்பிக்கை. பாறைப்பாசியை மாவாக்கிச் சாப்பிடும் முறை அச்சிட்டு விநியோகிக்கப்பட்டது. மக்களுக்காகப் பத்திரிகை தொடங்கிய ஒருவர், பசித்த மக்களுக்கு அறிவுரையே போதும் என்று நினைத்த ஆட்சியின் முக்கியத் தூணாக இருந்தார். அவருடைய மற்ற சாதனைகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

மேட்டுக்குடி விரும்பிய மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை 1870 அம்பலமாக்கியது. தையற்காரர் மகனான அலெக்சிஸ் கிவி 'ஏழு சகோதரர்கள்' நாவலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அடங்காத, அடித்துக்கொள்கிற, உபதேசியாரிடம் எழுத்துக்கூட்ட மாட்டாமல் காட்டுக்கு ஓடிப்போகிற ஏழு பேரின் கதை. பின்னிஷ் மொழிப் பேராசிரியர் ஆகஸ்ட் ஆல்க்விஸ்ட் அரசு நாளிதழில், சுவீடிஷ் மொழியில், அந்த நாவலைக் கிழித்தெறிந்தார். உண்மையான உழவர்கள் இப்படி இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. ஆல்க்விஸ்ட் பணிப்பெண் ஒருவரின் மகன். சுவோமெத்தரைத் தொடங்கியவர்களில் ஒருவர். மேட்டுக்குடி என்பது பிறப்பால் மட்டும் வருவதல்ல. மேடையில் ஏறிய பிறகு பழகிக்கொள்ளும் பார்வையும்தான். கிவி 1872 கடைசி நாளில் வறுமையிலும் மனநோயிலும் செத்தார். நாவல் முழுப் புத்தகமாக வந்தது அதற்கடுத்த ஆண்டு.

பின்னிஷ் மொழி இயக்கம் வெற்றி பெற்று நிறுவனமான பிறகும் இந்தப் பார்வை தொடர்ந்தது. குவோபியோவில் துணிக்கடை நடத்திக்கொண்டே எழுதிய மின்னா கந்த், உழைப்பாளிகளின் வறுமையை 'துர்ப்பாக்கியத்தின் பிள்ளைகள்' நாடகத்தில் காட்டினார். 1888இல் பின்னிஷ் நாடக அரங்கு அதை ஒரே காட்சியோடு நிறுத்திக்கொண்டது. தடுத்தவர்கள் ரஷ்யத் தணிக்கையாளர்களும் அல்லர், சுவீடிஷ் பிரபுக்களும் அல்லர். மக்களின் மொழிக்காகக் கட்டிய மேடையில் மக்களின் கோபத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

மேட்டுக்குடிக்கு ஆதரவாகச் சொல்ல நியாயம் உண்டு. பல குடும்பங்கள் வீட்டு மொழியையே மாற்றிக்கொண்டன. பிள்ளைகளைப் பின்னிஷ் பள்ளிகளில் சேர்த்தன. குடும்பப் பெயரையும் மாற்றின. 1866இன் ஆரம்பப் பள்ளிச் சட்டம் எழுத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. அவர்கள் அச்சடித்திருக்காவிட்டால் கடிதம் எழுத ஒரு பத்திரிகையே இருந்திருக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மொழியைக் கொடுத்ததாலேயே அதில் என்ன பேச வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை வந்துவிடாது. அவர்களில் பலர் வந்துவிட்டதாகவே நம்பினார்கள்.

1899 பிப்ரவரியில் இரண்டாம் நிக்கலஸ் தன்னாட்சியைச் சுருக்கும் அறிக்கையை வெளியிட்டபோது, சில வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேலானவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஜார் அந்தத் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்தார். நவம்பரில், மூடப்பட்டுவந்த பத்திரிகைகளுக்கு ஆதரவாக, பத்திரிகையாளர் ஓய்வூதிய நிதி என்ற பெயரில் விழா நடந்தது. அதற்காக சிபேலியுஸ் அமைத்த இசையின் இறுதிப் பகுதிதான் பின்னாளில் 'பின்லாந்தியா' ஆனது. தேசம் ஒன்றுபட்ட காட்சி அது. ஆனால் அதே மாதங்களில், ரஷ்யச் சட்டம் வந்தால் நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைக்கும் என்ற வதந்தி குத்தகைக் குடிசைகளில் ஓடியது. நாடோடி வியாபாரிகளின் வேலை என்று படித்தவர்கள் பழிபோட்டு, கிராமங்களுக்கு மேலும் துண்டுப் பிரசுரங்கள் அனுப்பினார்கள். நிலம் ஏன் கேட்கப்படுகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை 1895இல் தொடங்கிய 'தொழிலாளி' என்ற பத்திரிகையும் அதைப் போன்றவையும் எடுத்துக்கொண்டன. 1905இன் பொதுவேலைநிறுத்தத்துக்குப் பின் நான்கு வகுப்பாரின் அவை ஒழிந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்த ஒற்றை அவை வந்தது. வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்கானது. 1907 மார்ச் தேர்தலில் 19 பெண்கள் உறுப்பினர்களானார்கள். 200 இடங்களில் சுவீடிஷ் மக்கள் கட்சிக்கு 24 இடங்கள். ஸ்னெல்மனின் வழிவந்த பின்னிஷ் கட்சிக்கு 59. அரசியல் பேச வேண்டாம், படித்தால் போதும் என்று வைக்கப்பட்டிருந்த குத்தகைதாரர்களும் கூலிகளும் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 80 இடங்களைக் கொடுத்து அதை அவையின் மிகப் பெரிய கட்சியாக்கினார்கள்.