மொய் நோட்டு யாருக்குச் சொந்தம்?

உத்தமபாளையத்தில் முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், சந்தனக் கிண்ணத்தைத் தாண்டியதும் ஒரு மேஜை இருக்கும். முன்பெல்லாம் அதன் பின்னால் கையெழுத்து அழகான ஒரு மாமா நீள நோட்டுடன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மஞ்சள் பையுடன் இன்னொரு மாமா. இப்போது பல கல்யாணங்களில் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஊரையும் பேரையும் சொல்லிப் பணத்தைக் கொடுத்தால் ரசீது வருகிறது. பந்தி முடிவதற்குள் கோம்பை தனி, சின்னமனூர் தனி, கம்பம் தனி என்று ஊர்வாரியாகப் பட்டியல் தயார்!

இந்தச் செய்முறைக் கணக்கின் அருமையைத் தேனிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் உறவே அற்றுப் போகும். பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நோட்டு அது.

சரி, பட்டியல் வீட்டுக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் தங்கிவிட்டதே, அது? இன்னார் 10,000, இன்னார் 101 என்ற விவரம், சில இடங்களில் டெலிபோன் நம்பரோடு! நகைக்கடைக்கோ சீட்டுக் கம்பெனிக்கோ அது கைமாறினால், “எங்கள் வீட்டு மொய், எங்கள் சொத்து” என்று நாம் வழக்குப் போட முடியுமா?

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு தகராறு நடந்தது. கான்ஸாஸ் மாகாணத்தில் ரூரல் என்ற டெலிபோன் கம்பெனி டைரக்டரி போட்டது. ஃபைஸ்ட் என்ற பதிப்பகத்தார் அதிலிருந்து எடுத்துத் தங்கள் டைரக்டரியில் சேர்த்துக்கொண்டார்கள். 1,309 பதிவுகள் அச்சாக அப்படியே இருந்தன. ரூரல்காரர்கள் லேசுப்பட்டவர்களா? திருடனைப் பிடிக்க, உலகத்திலேயே இல்லாத ஆசாமிகள் சிலரைத் தங்கள் டைரக்டரியில் நுழைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் நாலு பேர் ஃபைஸ்ட் டைரக்டரியிலும் குடியேறியிருந்தார்கள்! இப்படிக் கையும் களவுமாகப் பிடித்தும் 1991-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ரூரலைக் கைவிட்டது. பேரும் ஊரும் நம்பரும் வெறும் செய்திகள். அவற்றை அகர வரிசையில் அடுக்குவதில் சொந்தச் சிந்தனை ஏது? பாடுபட்டோம் என்பதற்காக மட்டும் பதிப்புரிமை கிடையாது என்றது தீர்ப்பு.

நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், கம்ப்யூட்டரில் உள்ள தகவல் தொகுப்பையும் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் சேர்த்திருக்கிறது. (மொய்ப் பட்டியல் இலக்கியமா என்று தமிழ்ப் புலவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்!) 1995-ல் பர்லிங்டன் என்ற தபால்வழி வியாபார ஸ்தாபனத்தின் வாடிக்கையாளர் விலாசப் பட்டியலை, வேலையை விட்டுப்போன ஒருவர் உபயோகித்தபோது, டில்லி ஹைகோர்ட்டு தடை விதித்தது. ஆனால் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டு வரம்பை உயர்த்திவிட்டது. கோர்ட்டுத் தீர்ப்புகள் பொதுவானவை. அவற்றுக்குப் பத்தி பிரித்து எண் போட்டதிலும், எந்த நீதிபதி ஒத்துப்போனார், எவர் மாறுபட்டார் என்று காட்டியதிலும் அறிவு வேலை செய்திருக்கிறது. அதற்கு மட்டும் பாதுகாப்பு என்றது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இயந்திரம் ஊர்வாரியாகப் பிரித்த மொய்ப் பட்டியலுக்குப் பதிப்புரிமை கேட்பது கஷ்டம் என்றே எனக்குப் படுகிறது. ஐரோப்பாவில் 1996 முதல், பணம் செலவிட்டுத் தொகுத்தவருக்கு 15 வருஷத் தனி உரிமை உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை.

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உடையவர் அனுமதியின்றிக் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகல் எடுத்தால் நஷ்டஈடு என்கிறது. ஆனால் மண்டபத்துக் கம்ப்யூட்டரின் உடையவரே அதை எடுத்தால்? 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது. ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்கு உபயோகிக்கக் கூடாது என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் காப்பாற்ற நினைப்பது கல்யாண வீட்டாரை அல்ல, மொய் எழுதிய விருந்தாளியை!

ஆகவே கல்யாண வீட்டாருக்குக் கைகொடுப்பது பழைய ஒப்பந்தச் சட்டம்தான். கம்ப்யூட்டர்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பட்டியல் நமக்கு மட்டும், ஒப்படைத்த பிறகு அவரிடமுள்ள நகலை அழித்துவிட வேண்டும், யாருக்கும் தரக்கூடாது என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டெலிபோன் நம்பரை யாரிடமும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். மாமா எழுதிய நோட்டில் அது இருந்ததில்லையே!