அறிவுக்கு ஒரு பொதுக் கிணறு



நம் திருச்செங்கோட்டை 'ரிக் வண்டிகளின் ஊர்' என்பார்கள். இங்கிருந்து புறப்படும் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய், பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துத் தருகின்றன. ஆனால், உங்கள் தாத்தாவைக் கேட்டால் ஒரு உண்மையைச் சொல்வார். ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டால், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடலாம்! தண்ணீரை ஒருவர் அதிகமாக எடுத்தால், இன்னொருவருக்குக் குறையும்.

அறிவு அப்படியல்ல. நீங்கள் கற்ற ஒரு கணக்கைப் பக்கத்து பெஞ்சுத் தோழிக்குச் சொல்லிக் கொடுத்தால், உங்களிடம் உள்ள கணக்கு குறைந்துவிடுமா? மாறாக, உங்களுக்கே அது இன்னும் நன்றாகப் புரியும்!

அப்படியென்றால், ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகக் கிணறு தோண்டுவானேன்? எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பொதுக் கிணறு இருந்தால் என்ன? இணையம் வழியாகப் பள்ளிகளை இணைத்து, பாடங்களையும் கண்டறிந்தவற்றையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் கல்வி வலைதான் அந்தக் கிணறு.

இது புதிய எண்ணம் இல்லை. கல்விக்கென்றே இந்தியா ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது தெரியுமா? அதன் பெயர் எஜுசாட். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் சென்றது. ஓர் இடத்தில் ஆசிரியர் நடத்தும் பாடத்தைத் தொலைதூர வகுப்பறைகளிலும் பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். 2010 வரை அது பணியாற்றியது.

அடுத்து வந்தது 'திக்‌ஷா' இணையதளம். மத்திய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பக்கங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சாகியிருந்தன. அதுதான் கியூ.ஆர். கோடு. அதைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால் பாடம் வீடியோவாக விரியும். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் 'மணற்கேணி' செயலி வந்தது. தோண்டத் தோண்ட ஊறும் கேணியைப் போல, கற்கும் அளவுக்கு அறிவு ஊறும் என்றார் அல்லவா வள்ளுவர்? அந்தக் கேணியின் பெயர்தான் இது!

இவையெல்லாம் எதற்கு என்கிறீர்களா? நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடி, வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பாடத்தைத் தேடிப் பிள்ளை போகிறது. அதற்குப் பணம் வேண்டும். அம்மா அப்பாவைப் பிரிந்திருக்கும் மனமும் வேண்டும். எல்லா வீட்டிலும் அது முடியுமா? கூட்டுக் கல்வி வலையில் பிள்ளையைத் தேடிப் பாடம் வரும். ஆத்தூர் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் அம்மாவின் மகளுக்கும், கோழிப் பண்ணையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவரின் மகனுக்கும் ஒரே பாடம்!

ஆனால், ஒரு குறையையும் மறைக்காமல் பேச வேண்டும். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடின. பாடம் கைபேசிக்கு வந்தது. நம் சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் எத்தனை வீடுகளில் அப்பா லாரி ஓட்டுகிறார்! வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. அதுவும் அப்பாவோடு லாரியில் போய்விட்டது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும், இறைக்க வாளி இல்லை! அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே, கூட்டுக் கல்வி வலை என்றால் கைபேசி உள்ள வீட்டுக்கு மட்டும் என்று ஆகக் கூடாது. பள்ளியின் கணினி ஆய்வகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். இதுவே என் முதல் கருத்து.

இரண்டாவது கருத்துதான் முக்கியமானது. இன்றைய வலைகளில் பெரும்பாலும் பெரியவர்கள் தருகிறார்கள், நாம் பெறுகிறோம். வீடியோவைப் பார்க்கிறோம், மூடுகிறோம். இது பாதிக் கிணறுதான்! மாணவர்களும் அதில் ஊற்ற வேண்டும்.

'எங்களுக்கு என்ன தெரியும்?' என்கிறீர்களா? மரவள்ளிக் கிழங்கு எப்படி ஜவ்வரிசி ஆகிறது என்று ஆத்தூர் மாணவிக்குத் தெரியும். தறியில் பாவு ஓடுவது எப்படி என்று இளம்பிள்ளை மாணவனுக்குத் தெரியும். வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பது எப்படி என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைக்குத் தெரியும். முட்டைகளைத் தரம் பிரிப்பது நாமக்கல் பிள்ளைக்குத் தெரியும். இவையெல்லாம் பாடநூலில் முழுதாக இல்லை. நீங்கள் எழுதி, படம் வரைந்து பகிர்ந்தால், நாகப்பட்டினத்து மாணவன் படிப்பான். பதிலுக்கு அவன் வலை பின்னுவதையும் கடலையும் பற்றி உங்களுக்குச் சொல்வான்.

இன்னொன்று கேளுங்கள். ஒரு பள்ளியால் தனியாகச் செய்ய முடியாத வேலையை, இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் செய்யலாம். பூமியின் சுற்றளவை அளக்கலாம்! ஆம், உங்களாலேயே முடியும்!

மார்ச் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் செங்குத்தாக நடுங்கள். உச்சி வேளையில், நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதை அளங்கள். சேலத்தில் அது சுமார் 21 செ.மீ. இருக்கும். நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கே ஆக்ரா நகரம் இருக்கிறது. அதே நாள் அங்கே ஒரு பள்ளி அளந்தால், நிழல் சுமார் 51 செ.மீ. வரும். ஏன் இந்த வேறுபாடு? பூமி உருண்டை என்பதால்தான்! இந்த நிழல்களை வைத்துக் கோணம் கண்டால், இரண்டு ஊருக்கும் சுமார் 15.5 டிகிரி வித்தியாசம் வரும். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 1,720 கி.மீ. 15.5 டிகிரிக்கு 1,720 கி.மீ. என்றால், 360 டிகிரிக்கு எவ்வளவு? போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 40,000 கி.மீ. வரும். பூமியின் சுற்றளவும் அதுதானே!

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இதே முறையில்தான் கணக்கிட்டார். சேலத்துப் பிள்ளைக்கு ஆக்ரா நிழல் தெரியாது. ஆக்ரா பிள்ளைக்கு சேலத்து நிழல் தெரியாது. இருவரும் பகிர்ந்துகொண்டால், இருவருக்கும் பூமியே தெரிந்துவிடுகிறது!

'பிள்ளைகளை இணையத்தில் விட்டால் விளையாட்டும் வீடியோவும்தான் பார்க்கும்' என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் ஆசிரியர் மேற்பார்வையில், பள்ளிகளுக்கு மட்டுமான வலை வேண்டும் என்கிறேன். 'பிள்ளைகள் தப்பாக எழுதிவிட்டால்?' என்று இன்னொரு கேள்வி. எழுதட்டுமே! உங்கள் நிழல் அளவு தவறானால், இன்னொரு பள்ளியின் கணக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். தவறைத் திருத்திக்கொள்வதும் படிப்புதான்.

அரசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே நீங்கள் செய்யக்கூடியவை சில:

* பாடநூலில் உள்ள கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, வீடியோவைப் பதிவிறக்கி வையுங்கள். கைபேசி இல்லாத நண்பனோடு சேர்ந்து பாருங்கள்.

* உங்கள் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி, தாத்தா பாட்டியிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள்.

* அதை ஆசிரியர் மூலம் வேறொரு ஊர்ப் பள்ளிக்கு அனுப்புங்கள். இணையம் இல்லையா? தபாலில் போடுங்கள். வலை என்பது கம்பியில் இல்லை, பகிரும் மனதில் இருக்கிறது.

* இணையத்தில் உங்கள் முகவரி, தொலைபேசி எண், புகைப்படம், கடவுச்சொல் ஆகியவற்றை யாருக்கும் தராதீர்கள். யாராவது தொந்தரவு செய்தால், உடனே அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் எடுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் தூர் வாருவார்கள். அறிவுக் கிணற்றுக்கும் அதே வழக்கம்தான். மார்ச் 21 அன்று உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு குச்சி நடுவீர்கள்தானே?