ரசிகர் எழுத்து யாருக்குச் சொந்தம்?

தொடர் முழுவதையும் ஒரே இரவில் பார்த்து முடிக்கலாம், ரசிகனுக்கு இனி பூரண சுதந்திரம் என்று படக் கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. இந்தச் சுதந்திரத்தின் யோக்கியதை என்ன?

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் ஆரம்பமாயிற்று. வாரம் ஒரு நாள்தான் காட்டுவார்கள். மீதி ஆறு நாளும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பாத்திரங்களை வைத்துத் தாங்களே புதுக் கதை எழுதினார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1967-ல் 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் ஏடு வெளிவந்தது. அந்தக் காலத்து ரசிகர் ஏடுகள் பல சைக்ளோஸ்டைலில் அடித்தவை. நம் சங்கத் துண்டுப் பிரசுரம் அடித்த அதே யந்திரம்தான்! தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் இவர்கள் கடிதங்களைக் குவித்தார்கள். தொடர் நீடிக்கும் என்று 1968-ல் கம்பெனியே திரையில் அறிவித்தது.

காத்திருந்த அந்த ஆறு நாளும் ரசிகர்களின் பொது நிலம். அதில்தான் கை வைத்தார்கள். 2013-ல் நெட்பிளிக்ஸ் கம்பெனி 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் அவிழ்த்து விட்டது. ஒருவர் முடித்துவிட்டார், மற்றவர் பாதியில் நிற்கிறார். இருவரும் கூடிப் பேச முடியுமா? அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்து எழுத அவகாசம் ஏது? இன்றும் எழுதுகிறார்கள், ஆனால் கம்பெனியின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து. ஆளுக்கு இரண்டு தறி என்பதை நான்காக்கிய கதைதான்.

அதே 2013-ல் அமேசான் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' என்று கடை விரித்தது. ரசிகர் கதைக்குக் காசு தருகிறோம் என்றது. நிபந்தனையைக் கேளுங்கள்! காப்புரிமைக் காலம் முழுவதும் கதை அமேசானுக்கு. எழுதியவர் தம் மூளையைக் கசக்கிப் படைத்த புதுப் பாத்திரத்தை மூலக் கதையின் உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்கொண்டு காலணா தர வேண்டியதில்லை. 2018-ல் கடையை மூடிவிட்டார்கள்.

பாத்திரங்கள் கம்பெனியுடையவைதானே என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். 1968-ல் ஸ்டார் ட்ரெக்கைக் காப்பாற்றக் கடிதம் எழுதியவர்கள் யார்? அந்த ரசிகர் கூட்டத்துக்குத்தான் 2016-ல் உரிமைக் கம்பெனிகள் விதி போட்டன: ரசிகர் எடுக்கும் படம் 15 நிமிஷம், இரண்டு பகுதியானால் 30, அதில் வேலை செய்பவர் கூலி வாங்கக் கூடாது. கூலி கூடாது என்று சொல்லுபவர் யார் பாருங்கள்!

ரசிகர்களும் வாளாவிருக்கவில்லை. 2007-ல் அமைப்பாகத் திரண்டு, 2009-ல் தங்களுக்கென்று ஒரு கதைக் களஞ்சியம் திறந்தார்கள். நன்கொடையிலும் தொண்டர் உழைப்பிலும் நடக்கிறது, விளம்பரம் கிடையாது. 2019-ல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. எத்தனை பக்கம் எழுதுவது, எப்போது முடிப்பது என்று அங்கே எந்தக் கம்பெனியும் உத்தரவு போடுவதில்லை.