முன்பின் தெரியாதவரிடம் கேளுங்கள்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றில் திருமுருகாற்றுப்படை அடியவரை முருகனிடம் அனுப்புகிறது. மற்ற நான்கிலும், வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்புகிற ஒருவர், வழியில் எதிர்ப்பட்ட முன்பின் அறியாத கலைஞருக்குப் போகும் பாதையை எடுத்துச் சொல்கிறார். மன்னனைப் புகழும் பாட்டு என்றுதான் பள்ளியில் படித்தோம். பயணம் கிளம்புகிறவரின் கண்ணோடு படித்தால் அதில் வேறொன்றும் இருக்கிறது.

நன்னன் என்ற மன்னனின் செங்கண்மாவுக்கு, அதாவது இன்றைய திருவண்ணாமலை மாவட்டச் செங்கத்துக்கு, மலைவழியே போகும் கூத்தரிடம், இந்த நான்கில் ஒன்றான மலைபடுகடாம் என்ன சொல்கிறது? காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, விடிந்த பிறகு நடங்கள். பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுபாணாற்றுப்படையோ எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூரில் சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சாப்பாட்டையும் சொல்கிறது. அந்தப் பேச்சு எடுத்த எடுப்பில் வழிக்குப் போய்விடுவதில்லை. சுற்றத்தோடு நடந்து களைத்துப்போயிருக்கும் பாணனை முதலில் நன்றாகப் பார்க்கிறது. யாருக்குச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகே வழி சொல்கிறது.

முகம் தெரியாதவரின் ஆலோசனைக்கு மதிப்பு வருவது இங்கேதான். அவர் அங்கே போய் வந்தவர். நம் நிலையை நேரில் பார்க்கிறார். சொல்வதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. கைபேசி வரைபடமும் நட்சத்திர மதிப்பெண்களும் லட்சம் பேரின் சராசரியைத் தருகின்றன. அது பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால், முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலத்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது, எங்கே உட்கார இடம் உண்டு, எந்த இடம் வரை நடந்துவிட்டு ஆட்டோ பிடிக்கலாம் என்பதை அந்தப் பாதையில் பூ விற்கும் அம்மா சொல்வதுபோல வேறு யாராலும் சொல்ல முடியாது. அவர் உங்கள் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

நண்பர்களிடம் கேட்டால் போதாதா? போதாது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இதற்கான காரணத்தைச் சொல்கிறது. நெருங்கிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் இருக்கிறார்கள், நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி லேசான பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வருகிறது. வாசிப்பில் இது கண்கூடு. நண்பர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வது பெரும்பாலும் அதே ஐந்தாறு எழுத்தாளர்களைத்தான். 1985இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அந்த வட்டத்தை உடைக்கும் இடங்களாக இருந்தன. பக்கத்தில் நின்று புரட்டிக்கொண்டிருப்பவர் எடுத்து நீட்டும் ஒரு புத்தகம், நம் ரசனை ஒருபோதும் தேடிப் போயிராத திசையில் இருக்கும்.

பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்வதில், முன்பின் தெரியாத ஒருவரின் பதிலால் ஒரு வாழ்க்கையே திரும்பியிருக்கிறது. பத்து வயதை ஒட்டிய சிறுவன் ஒருவன் பம்பாயில் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்று இருந்தது. என்ன பறவை என்று அவனுடைய மாமாவுக்குத் தெரியவில்லை. கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலராக இருந்த மில்லர்டிடம் அனுப்பினார். சிறுவன் தயங்கித் தயங்கித்தான் போனான். மில்லர்ட் அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்னார், அதோடு நிறுத்தவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகம் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. தன்வரலாற்று நூலுக்கே அந்தக் குருவியின் வீழ்ச்சியைத் தலைப்பாக வைத்தார். வேலை இருக்கிறது, பிறகு வா என்று மில்லர்ட் அனுப்பியிருந்தால் இந்தியப் பறவையியல் எதை இழந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் பதைக்கிறது.

இவ்வளவு பலன் இருந்தும் நாம் கேட்பதில்லை. தொந்தரவு செய்கிறோமோ, முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ என்ற கூச்சம் தடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளின், லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைச் சோதித்தது. அறிமுகமில்லாதவர்களிடம் சின்னச் சின்ன உதவிகளைக் கேட்கச் சொன்னார்கள். எத்தனை பேரிடம் கேட்க வேண்டிவரும் என்று பங்கேற்றவர்கள் கணித்தார்களோ, கிட்டத்தட்ட அதில் பாதிப் பேரிடம் கேட்டதுமே காரியம் முடிந்துவிட்டது. மனிதர்கள் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

கேட்கும் விதம்தான் பதிலைத் தீர்மானிக்கிறது. “இங்கே நல்ல ஓட்டல் எது?” என்றால் ஊரில் பெரிய ஓட்டலின் பெயர் வரும். “நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சந்துக்குள் கை காட்டுவார். “நல்ல நாவல் சொல்லுங்க” என்பதைவிட, கடைசியாகப் பிடித்ததையும் பாதியில் மூடியதையும் சொல்லிவிட்டுக் கேட்பது மேல். மாடித்தோட்டத்தில் கத்தரி ஏன் காய்க்கவில்லை என்று கேட்கிறவர், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, என்ன மண் போட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதில் சொல்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் தோராயமாகக் கை காட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய. மதிய வெயிலில் அது ஒருவரை இரண்டு கிலோமீட்டர் அலைய வைக்கும். மருந்தையும் பணத்தையும் முகம் தெரியாதவரிடம் கேட்கவே வேண்டாம்; அங்கே தவறுக்கு விலை அதிகம்.

ஆனால், எல்லோராலும் சமமாகக் கேட்க முடிகிறதா? தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியாகப் போய்வரும் பெண்கள் பலருக்கு அது பெரிய துணை. ஆனாலும் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் வழி கேட்டால், “தனியாவா வந்தீங்க?” என்ற எதிர்க்கேள்வி முதலில் வருகிறது. அவர் தயங்குவது கூச்சத்தால் அல்ல, அனுபவத்தால். வழி கேட்டவருக்கு வழியை மட்டும் சொல்லும் நாகரிகம் ஆண்களுக்கு வர வேண்டும். பேருந்து நிலைய விசாரணை அறைகளில் எல்லா நேரமும் ஆள் இருக்க வேண்டும், அதில் பெண்களும் இருக்க வேண்டும்.

ஆளைப் பார்த்து வழி சொல்லும் இந்த வழக்கம் நூலகத்துக்கும் பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பதை 1931இலேயே விதியாக வகுத்தவர். வாசகரிடம் பேசி, தேவையை அறிந்து, புத்தகத்தைக் கையில் சேர்ப்பதையே நூலகப் பணியின் உயிர் என்று கருதியவர். அவருடைய முயற்சியால் 1948இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நாம் 10 விழுக்காடு நூலக வரி கட்டிவருகிறோம். அந்தப் பணத்தில் கட்டடமும் புத்தகமும் வாங்கினால் மட்டும் போதாது. உள்ளே வரும் பிள்ளையிடம் “என்ன பிடிக்கும் உனக்கு?” என்று கேட்க நேரமும் பயிற்சியும் உள்ள ஒரு நூலகரை ஒவ்வொரு கிளை நூலகத்திலும் அரசு அமர்த்த வேண்டும்.