அன்புக்கு அபராதம்!

நோயுற்ற தாயை நீராட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருந்து காக்கிறாள் ஒரு மகள். நாடு அவளைப் போற்றுகிறது. தியாகி என்கிறது, தெய்வம் என்கிறது. "கூலி?" என்று கேட்டால் மட்டும், "அன்புக்குக் கூலியா!" என்று முகம் சுளிக்கிறது. கூலி மறுத்ததோடு நின்றதா? இல்லை, அன்பு காட்டியதற்காக அபராதமும் விதித்தது! எங்கே என்கிறீர்களா? மக்களாட்சியின் தாயகம் என்றும், மக்கள் நல அரசுக்கு இலக்கணம் வகுத்த நாடென்றும் புகழப்படும் பிரிட்டனில்!

அந்நாட்டில், வீட்டிலிருந்து நோயாளியைப் பேணுவோருக்குப் 'பராமரிப்பாளர் உதவித்தொகை' என்று ஒன்று உண்டு. 1976-ல் வேறு பெயருடன் தொடங்கியது. தொடக்கமே ஓரவஞ்சனை! மணமான பெண்ணுக்கு இத்தொகை கிடையாது என்றனர். ஏன்? அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற எண்ணம்! தாயைப் பேணுவதற்காக வேலையைத் துறந்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி வழக்காடினார். 1986-ல், அவர் பக்கமே நீதி என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் கால அநீதி, போராடிய பிறகே நீங்கிற்று. ஆளவந்தார் நெஞ்சம் தானாகக் கனியவில்லை.

தொகைதான் எவ்வளவு? 2024-25-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிக்க வேண்டும். கிடைத்தது 81 பவுன் 90 பென்ஸ். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 2 பவுன் 34 பென்ஸ்! அதே ஆண்டில், 21 வயது நிரம்பிய தொழிலாளிக்கு மணிக்கு 11 பவுன் 44 பென்சுக்குக் குறைவாகக் கூலி தரலாகாது என்று விதித்தது அதே நாட்டுச் சட்டம். ஆலை முதலாளிக்கு ஒரு நீதி, அரசுக்கு ஒரு நீதியா?

இந்தத் தொகையால் வயிறு நிறையாதே என்று, கடையிலோ பள்ளியிலோ சில மணி நேர வேலைக்குப் போகிறாள் அந்த மகள். அங்கேதான் வைத்திருந்தார்கள் பொறியை! வரி முதலியன போக, வாரம் 151 பவுன் வரை அவள் ஈட்டலாம். அதற்குமேல் ஒரு பென்னி, ஒரே ஒரு பென்னி கூடினாலும், அந்த வாரத்து உதவித்தொகை முழுவதும் பறிபோகும். கூடிய காசை மட்டும் கழித்துக்கொள்ளும் நேர்மை அந்தச் சட்டத்துக்கு இல்லை. வாரம் ஒரு பென்னி வீதம் ஓராண்டு முழுதும் கூடியிருந்தால், அவள் வரம்புக்குமேல் ஈட்டியது 52 பென்ஸ். திருப்பிக் கட்ட வேண்டியதோ 4,258 பவுன் 80 பென்ஸ்! வட்டிக் கடைக்காரனும் வெட்கித் தலைகுனிவான் இந்தக் கணக்கைக் கண்டால்!

"வருமானம் கூடியதைத் தெரிவிக்காதது அவள் பிழைதானே?" என்று வாதிடுவோர் உண்டு. தெரிவிப்பது அவள் கடமை, மறுக்கவில்லை. ஆனால் அரசுக்குத் தெரியாதா? வரித்துறையிலிருந்து வருமான விவரம் உதவித்தொகைத் துறைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வந்த எச்சரிக்கைகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் புரட்டிப் பார்த்தனர், மீதி உறங்கிற்று. வாரங்கள் ஆண்டுகளாயின, கடன் வளர்ந்தது, பிறகு ஒரு நாள், "ஆயிரக்கணக்கில் கட்டு" என்று ஓலை வந்தது! 2024-ல் இவ்வாறு கடனாளிகளாக்கப்பட்டிருந்தோர் 1,34,000-க்கும் மேல். அவர்கள் தலைமீதிருந்த சுமை 25 கோடியே 10 லட்சம் பவுன். சிலர் குற்றவாளிக் கூண்டிலும் நிறுத்தப்பட்டனர். விழித்திருந்து தாயைக் காத்தவள் குற்றவாளி. கோப்பின்மேல் உறங்கியவர் நீதிமான்!

யார் யாருக்குக் கடன்பட்டவர்? இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊதியமின்றி உற்றாரைப் பேணுவோரின் உழைப்பு, 2021-ல் ஆண்டுக்கு 16,200 கோடி பவுன் மதிப்புடையது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இவர்கள் ஒரு நாள் கைவிட்டால் அரசின் மருத்துவமனைகள் தாங்குமா? உழைப்பை வழங்கியவள் கடனாளி, உழைப்பை உண்டவர் கடன்காரர் என்பது எந்த ஊர் நியாயம்?

எழுந்த கண்டனக் குரல் வீண்போகவில்லை. 2025 ஏப்ரலில் வருமான வரம்பு 196 பவுனாயிற்று. நவம்பரில், லிஸ் சேஸ் அம்மையார் தலைமையில் நடந்த ஆய்வு, துறையின் குழப்பமான விதிகளே பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டிற்று. ஏறத்தாழ 26,000 பேரின் கடன் குறையலாம், அல்லது அடியோடு நீங்கலாம் என்று அரசும் ஒப்பிற்று. வரவேற்கிறோம். ஆனால், வரம்பை உயர்த்திய அந்தத் திருத்தம் படுகுழியை மூடவில்லை; சற்றுத் தள்ளி வெட்டியது!

மூட வழியில்லையா? அதே அரசின் 'யுனிவர்சல் கிரெடிட்' உதவியில், வருவாய் கூடக் கூட, பவுனுக்கு 55 பென்ஸ் என்ற கணக்கில் தொகை படிப்படியாகக் குறைகிறது. அங்கே படிக்கட்டு கட்டத் தெரிந்தவர்களுக்கு, இங்கே மட்டும் பாதாளம் வெட்டத் தோன்றியதேன்?

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்போருக்கு ஒரு சொல். நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 24-ஆம் பிரிவில், மிகுந்த துணை தேவைப்படுவோருக்காகப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. தொகை எவ்வளவென்று அங்கே சொல்லப்படவில்லை. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற வேலி மட்டும் தவறாமல் நடப்பட்டிருக்கிறது. இந்தப் படிக்கு விதி எழுத உட்காரும் ஒவ்வொருவரும் பிரிட்டனின் ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். உழைப்புக்கேற்ற தொகை வேண்டும். வருவாய் கூடினால் படிப்படியாகக் குறைய வேண்டும். துறையின் தூக்கத்துக்கு ஏழையிடம் தண்டம் வசூலிக்கக் கூடாது.

தாயைத் தாங்கும் கரங்களுக்கு மாலை வேண்டாம். கூலி கொடுங்கள்! விலங்கைக் கழற்றுங்கள்!