டர்போ பாஸ்கலை இனி விட்டுடலாம்

சாதாரண தரத்துல நாம படிச்ச நிரல் மொழி பாஸ்கல். மொழியில பிரச்சினை இல்லை. அதை ஓட்ட இன்னும் 1992ல வந்த டர்போ பாஸ்கல் 7ஐத் தேடுறோமே, அதுதான் பிரச்சினை. அது 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸ்ல திறக்கவே திறக்காது. பழைய டொஸ் மாதிரி நடிக்கிற டொஸ்பொக்ஸுக்குள்ள போட்டா ஓடும்தான். ஆனா கட்டளை அடிச்சு, ஃபோல்டரைக் காட்டி முடிக்கிறதுக்குள்ள பாடவேளையில பாதி போயிடும். தெரணியகலையிலயோ இறக்குவானையிலயோ ஒரு கம்பியூட்டரைச் சுத்தி நாலு பேர் நிக்கிற தோட்டப் பாடசாலைன்னா, கடைசி ஆளுக்குக் கீபோர்டே கிடைக்காது. பரீட்சையில கேட்கிறது பாஸ்கலை, டர்போவை இல்லையே! ஃப்ரீ பாஸ்கல் இலவசம். புது விண்டோஸ்ல நேரா ஓடும், அதே நீலத்திரைகூட இருக்கு. பென்டிரைவ்ல கொண்டுபோனா இணையமும் வேணாம். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறவங்க உங்க பழைய ஸ்கூலுக்கு அதைக் கொண்டுபோங்க.